இடஞ்சுழி

துரு என்றுதான் முதலில் நினைத்தேன்.
உள்ளங்கையில் ஒரு கறுப்புச் சில்லு,
கோட்டுப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது,
சுண்டினால் மண்சட்டிச் சத்தம்.

வெறும் இரும்பாக இருந்திருந்தால்
அலை உள்ளே நுழைந்திராது,
தோலில் முட்டித் திரும்பியிருக்கும்.
ஆக்சைடாகி, பொடியாகி, இட்ரியத்தோடு கலந்து
ஆயிரத்து நானூறு டிகிரி உலையில் கிடந்த பிறகு
மின்சாரத்தை மறந்துவிட்டது.
காந்தத்தை மறக்கவில்லை.

லாப்லாந்தில் ஒரு மொட்டை மலை,
உச்சியில் வெள்ளைக் கோளம், உள்ளே வானிலை ரேடார்.
ஜனவரி மாதத்தில் நண்பகல் என்பது
நாற்பது நிமிட நீல வெளிச்சம், அவ்வளவுதான்.
நானும் ஒரு திருகுளியும்
ஃபிளாஸ்கில் ஆறிப்போன காப்பியும்.

சில்லைச் சுற்றி மூன்று வாசல்.
ஒன்றில் மாக்னட்ரான், கத்துவது அதன் வேலை.
ஒன்றில் வானத்தை அண்ணாந்து பார்க்கும் தட்டு.
ஒன்றில் ரிசீவர்,
நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பனித்தூள் முனகினாலும்
கேட்டுவிடுகிற காது.
கத்தல் வானத்துக்குப் போக வேண்டும்.
வானத்தின் பதில் காதுக்கு வர வேண்டும்.
வந்த வழியே எதுவும் திரும்பக் கூடாது.
இதற்குக் கதவில்லை, காவலில்லை,
அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை.

பம்பரங்கள் இருக்கின்றன, எண்ண முடியாதவை.
மேலிருந்து ஒரு காந்தம் பிடித்திழுக்க
தலை சாய்த்து எல்லாம் ஒரே பக்கமாய்த் தள்ளாடும்.
அந்தத் தள்ளாட்டத்தோடு சேர்ந்து சுழலும் அலைக்கு
ஒரு வேகம்.
எதிர்த்துச் சுழல்வதற்கு வேறொன்று.
அந்த வித்தியாசம்தான் வழி காட்டுகிறது.
கோயிலில் யாரும் சொல்லாமலே
எல்லோரும் வலமாகச் சுற்றுவதுபோல.

துடைத்தேன். திரும்பப் பூட்டினேன்.
காந்தத்தின்மேல் இருந்த சிவப்புப் புள்ளி
எப்போதோ உதிர்ந்திருந்தது.
எது மேல், எது கீழ்?
திசைகாட்டி என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது.
எடுக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும்.
கழற்றவில்லை.
இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

ஸ்விட்சைப் போட்டேன்.
வாய் தன் காதுக்குள்ளேயே கத்தியது,
இருநூற்றைம்பது கிலோவாட்.
ஒரு டிக் சத்தம்கூட இல்லை.
திரை துடைத்துவிட்டாற்போல இருந்தது.
பதிவேட்டில் எழுதினேன்: தெளிந்த வானம்.
பனிவண்டியில் ஏறி இறங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் யோவ்னா.
கலைமான் மேய்ப்பவன், வார்த்தையைச் செலவழிக்காதவன்.
"உங்கள் திரையில் வானம் தெளிவாக இருக்கிறதாம்.
என் மூக்கின்மேல் அரை முழம் பனி இருக்கிறது.
இரண்டில் எதை நம்ப?"

ஹில்க்கா ஏன் என்று கேட்கவில்லை.
"காந்தத்தை எப்படி வைத்தாய்" என்றாள்.
அவ்வளவு பொறுமையான கேள்வியை
நான் அதற்கு முன் கேட்டதில்லை,
பிறகும்.

மறுபடி மலை.
பல்லால் கடித்துக் கையுறையைக் கழற்றினேன்.
திசைகாட்டியை அருகே கொண்டுபோனதும்
முள் துள்ளித் திரும்பியது,
தவறான முனை.
குற்றப்பத்திரிகை அவ்வளவு சின்னது.
காந்தத்தைப் புரட்டிப் போட்டேன்.
காதுக்குப் புதிய முன்னணிப் பெருக்கி,
விலை என் இரண்டு மாதச் சம்பளம்.
சில்லுக்கு ஒரு கீறலும் இல்லை.
அது இரண்டு முறையும்
சொன்னபடிதான் செய்திருந்தது.

விடிகாலை நான்கு மணிக்குத் திரையோரம்
பச்சையாய் ஒரு பட்டை எழுந்தது,
மேற்கிலிருந்து மெல்ல நகர்ந்தது.
சந்தோஷத்தில் யோவ்னாவை எழுப்பிவிட்டேன்.
"பனி வருகிறது!"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
நாய் குரைத்தது. ஏதோ கரண்டி விழுந்தது.
"தெரியும்" என்றான்.
"உன் மலைக்குத்தான்.
இங்கே நின்றுவிட்டது."