கொடுக்கப்பட்ட கொள்கை மட்டும்

அல்லிக்குளம் வளாகம், மாடிப்படிக்குப் பக்கத்துக் கடை.
நீட் புத்தகங்கள் கூரைவரை.
சட்டத் தேர்வுக்கு என்று கேட்டதும்
மேசைக்கடியில் பழைய டைரிகளோடு கிடந்த கட்டைக்
காலால் தள்ளிவிடுகிறார் தணிகாசலம்.
"எதை எடுத்தாலும் ஒண்ணுதாம்மா. சட்டம் மாறாது."

சட்டம் மாறாமல் இருக்கலாம்.
தேர்வு மாறிவிட்டது.
இதில் இருநூறு கேள்வி, இப்போது நூற்றிருபது.
இதன் பொது அறிவில்
செத்துப்போன அமைச்சர்கள் இன்னும் பதவியில் இருக்கிறார்கள்,
கொரோனா வரவில்லை,
எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.
அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வாசித்தேன்.

கையில் அறுநூறு ரூபாய்.
பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால்
அறுநூறும் புத்தகத்துக்கே.

போன வாரம் தி.நகர் பயிற்சி மையத்தில்
ஏசி அறையில் உட்காரவைத்து
வழவழப்பான தாளில் ஒரு தொகையைக் காட்டினார்கள்.
தவணை வசதி உண்டாம்.
அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்,
அங்கே குறைத்துப் போட்டிருப்பார்களோ என்பதுபோல.

ஃபிலோமினா அனுப்பிய பிடிஎஃப்
ஆயிரத்து நூறு பக்கம்.
எழுத்தைப் பெரிதாக்கினால் வாக்கியம் ஓடிப்போகிறது,
வாக்கியத்தைப் பிடித்தால் எழுத்து எறும்பாகிறது.
அதுவும் அம்மாவின் போன்.
காலை ஐந்தரைக்கு
அவளோடு வேலைக்குப் போய்விடும்.

ஆகவே தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்க்கிறேன்.

முதல் புத்தகத்தில் எல்லா விடையும் பேனாவால்.
விடை தெரிந்த கேள்வியை வைத்து என்ன செய்ய.
அடுத்ததற்குச் சட்டத் தேர்வு அட்டை,
உள்ளே வங்கித் தேர்வு.
மூன்றாவது,
வ. கோகிலவாணி, ஓட்டேரி.
பெயருக்குக் கீழே கையெழுத்துப் பழகியிருக்கிறாள்,
நான்கு தடவை, அட்வகேட் என்று சேர்த்து.
நூற்று நாற்பத்தாறாம் பக்கம்வரை பென்சில்.
பிறகு ஒரு புள்ளிகூட இல்லை, காதுமடிப்பு இல்லை.
இவளுக்கு என்ன ஆனது?
தணிகாசலம் எடைக்கு வாங்கியவர், அவருக்கு எப்படித் தெரியும்.

நான் கணக்குப் போட்டேன்.
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு,
சுத்தமாக இருப்பது இருநூற்று அறுபத்தாறு.
பென்சில்தானே, மீதியையும் அழித்துக்கொள்ளலாம்.
ரப்பர் ஐந்து ரூபாய்.

நூற்று நாற்பத்தேழைப் பிரித்தேன்.
இங்கிலீஷில் இருந்ததை
மனசுக்குள் தமிழில் ஓட்டிப் பார்த்தேன்.

கொள்கை:
உரிமையில்லாத நிலத்தில் தங்கியிருப்பவர் அத்துமீறியவர்.
எத்தனை காலம் தங்கினார் என்பது பொருட்டல்ல.
உண்மைகள்:
'அ' என்பவர் இருபத்தொன்பது ஆண்டுகளாக
ஓர் ஆற்றங்கரையில்...

மேலே கட்டம் கட்டி ஒரு குறிப்பு:
கொடுக்கப்பட்ட கொள்கையை மட்டும் பயன்படுத்துக.
உங்களுக்குத் தெரிந்த வேறு எதையும்
கணக்கில் கொள்ளக் கூடாது.

எனக்குத் தெரிந்தது:
'அ'-வுக்கு முட்டிவலி.
ஆறு என்றால் கூவம்.
அரையாண்டுத் தேர்வு, கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள்
ஜேசிபி வந்தது.
பீரோ வாசல் வழியாக வரவில்லை,
பிறகு வாசலே இல்லாததால் சுலபமாக வந்தது.
இப்போது பெரும்பாக்கம், ஏழாவது மாடி.
லிஃப்ட் ஓடுகிற நாளை
அம்மா காலண்டரில் குறித்துவைக்கிறாள்.

நான்கு விடைகள்.
(இ) எனக்குப் பிடித்திருந்தது.
நல்ல வாக்கியம், மனிதாபிமானம் என்றெல்லாம் வந்தது.
தப்பென்றால் கால் மதிப்பெண் போகும்.

தணிகாசலத்தின் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி
(ஆ)வை வட்டமிட்டேன்.
கடைசிப் பக்கத்தில் சரிபார்த்தேன்.
(ஆ).

"கிறுக்கிட்டே இல்ல, வாங்கித்தான் ஆகணும்."
முந்நூறு என்றார்.
நூற்று நாற்பத்தாறு பக்கம் ஏற்கெனவே யாரோ எழுதியது என்றேன்.
இருநூற்று இருபதுக்கு முடிந்தது.

சென்ட்ரல் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி
அந்த வட்டத்துக்குப் பக்கத்தில்
ஒரு தேதியை எழுதினேன்,
பொடி எழுத்தில், ஓரமாக.

ரப்பர் வாங்க மறந்துவிட்டேன்.