கோப்பிக் கறை

வில்லில் அறுத்துவந்த பன்
மூன்று வெயில் கண்டு காய்ந்துவிட்டது.
சிவப்புக்கு ஒரு பானை, பச்சைக்கு ஒன்று.
மூன்றாவது பானையில் என்ன கொதிக்கிறதென்று
ஜெஸீனா மூடியைத் திறந்து பார்க்கிறாள்.
"மண்ணிறமா? பாய்க்கா?
விலைபோகாது, சொல்லிப்போட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அது கோப்பியின் நிறம்.
ஏலம் போட்டது, சீனி போடாதது,
அம்மான் நகரத்தின் நாலாம் மாடியில்
வியாழன் இரவுகளில் நான் காய்ச்சியது.

அந்த வீட்டு நடுக்கூடத்தில் ஒரு விரிப்பு,
கிலீம் என்பார்கள்.
துருக்கியில் வாங்கியதாம், கம்பளி நூலாம்.
எனக்கு அதன் விலை தெரியாது,
முழங்காலால் தெரியும்.
இரண்டு வருடம், வெள்ளிதோறும்,
சோப்பு நுரையை இந்தக் கரையிலிருந்து
அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போவேன்.
சாய்சதுரம், அதற்குள் சாய்சதுரம்,
ஓரத்தில் சுறாப் பல் போல ஒரு வரிசை.
எண்ணிக்கொண்டே தேய்த்தால் நேரம் போகும்.
பதினொன்று, ஒன்பது, ஏழு, ஐந்து.
யாரோடும் கதைக்காத நாட்களில்
தமிழில் நான் வாய்திறந்து சொன்னது
அந்த எண்களைத்தான்.

நிறமும் நிறமும் சந்திக்கும் இடத்தில்
அதிலே மெல்லிய கீறல் விட்டிருந்தது.
சிவப்பு தன் எல்லைவரை வந்து திரும்பிவிடும்,
நீலத்தைத் தொடாது.
கண்ணை வைத்தால் கீழே தரை தெரியும்.

கோப்பியை ஊற்றியவர் மேடத்தின் தம்பி.
சிரித்துக்கொண்டே எழுந்துபோனார்.
உப்புப் போட்டேன், எலுமிச்சை போட்டேன்,
நகம்தான் தேய்ந்தது.
மூன்றாவது சாய்சதுரத்தில் கறை தங்கிவிட்டது.
அந்த மாதம் பாதிச் சம்பளம்.
கணக்கை அரபியில் எழுதிக் காட்டினார்கள்.
குர்ஆன் ஓதிய கண்ணுக்கு
எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது,
நியாயம்தான் தெரியவில்லை.

இப்போது மூதூரில் இழைக்கிறேன்.
இழைத்த பக்கத்தின் மேலேயே குந்தி
இழைக்காத பக்கம் கை நீட்டுவது எங்கள் வழக்கம்.
பன்னுக்கு ஒரு குணம்:
ஒரு நிறத்தை நடுவில் நிறுத்த ஏலாது.
போட்டால் போட்டதுதான்.
ஏறியும் இறங்கியும்
மறுபக்கம் வரை போயே தீரும்.
மூன்றாவது சாய்சதுரத்தில் மண்ணிறத்தை வைத்தேன்.
அது அங்கே நிற்கவில்லை.
சிவப்புக்கு அடியில் புகுந்து
பச்சைக்கு மேலே வந்து
கறை
கரை வரை போனது.

சுருட்டிக் கட்டி, பஸ்ஸில் ஏற்றி,
கிண்ணியாப் பாலம் தாண்டி
திருகோணமலை டவுனுக்குக் கொண்டுபோனேன்.
மத்திய வீதிக் கடையில் சிவலோகநாதன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"மற்றதெல்லாம் சரி, தங்கச்சி.
இந்தக் குறுக்கே போற கோடு
பிழையா, வேலைப்பாடா?"

"வேலைப்பாடு.
அதுக்குத் தனி விலை."

"எவ்வளவு?"

பாதிச் சம்பளத்தைப் பதினெட்டுப் பாய்க்குப் பிரித்து
பஸ்ஸிலேயே கணக்குப் பார்த்து வைத்திருந்தேன்.
சொன்னேன்.
பேரம் பேச வாயெடுத்தவர்
விரலால் அந்தக் கோட்டை ஒருதரம் தடவிப்பார்த்து
லாச்சியைத் திறந்தார்.

பதினெட்டாவது பாய் நோன்புக்கு முன்னே விற்றாயிற்று.
நிலாவெளியில் ஒரு ஹோட்டல்
இன்னும் ஆறு கேட்கிறது,
கோட்டோடுதான் வேண்டுமாம்.
ஜெஸீனாவின் முற்றத்திலும் இப்போது
மூன்று பானைகள்.
அவளுடைய மண்ணிறம் கொஞ்சம் வெளிறல்,
பால் விட்ட கோப்பி மாதிரி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விலையையும் குறைக்கவில்லை.