வடிதுளை

தேர்வுக்குப் பதினொரு நாள்.
அட்டன் ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில்
டைல் பெட்டிகளுக்கும் பெயின்ற் வாளிகளுக்கும் நடுவே
ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பல்ப்,
போட்டோக்கொப்பி எடுத்த நூற்றி நாற்பது பக்கம்.

பத்தொன்பது வருசமாகத் தூண் நிறுத்துகிறேன்.
பலகையில் இருந்தது முதலாளியின் பேர்,
முதலாளியின் பதிவெண்.
எனக்கு "பாஸ்" என்ற விளிப்பும்
சனிக்கிழமை மாலை எண்ணித் தருகிற தாள்களும்.
இந்தத் தேர்வு தேறினால்
மூன்று மாடிக் கடைத்தொகுதிக்கு நானும் விலை கேட்கலாம்.

புஷ்பகாந்தியும் எழுதுகிறாள்.
சைட் ஸ்டோரில் ஆணியும் கம்பியும் எண்ணிக் கொடுத்தவள்.
பிணைமுறி, பிடித்துவைக்கும் பணம், முற்பணம்
எல்லாம் அவளுக்கு விரல்நுனி.
எனக்குக் கொங்கிறீட் விரல்நுனி.
பண்டமாற்று: ஒரு பிரிவுக்கு ஒரு வளையம்.
அவள் வாசிப்பாள்,
நான் கட்டுக்கம்பி முறுக்கிக் காட்டுவேன்.

புத்தகம் மீற்றரில் பேசுகிறது.
லொறிக்காரன் கியூபில் பேசுகிறான்.
ஒரு கியூப் என்றால் இரண்டு புள்ளி எட்டு மூன்று.
பல் துலக்கும்போதும் சொல்லிக்கொண்டேன்.
இரண்டு புள்ளி எட்டு மூன்று.

"சரிவுச் சோதனை" என்று ஒரு தலைப்பு.
இந்த மலையில் சரிவு என்றால் வேறு.
எல்லாரும் எழும்பி வானத்தைப் பார்ப்பது,
பள்ளிக்கூடத்தில் பாய் விரிப்பது.
புத்தகத்துச் சரிவு ஒரு தகரக் கூம்பைத் தூக்கினால்
ஈரக் கலவை எவ்வளவு குந்துகிறது என்பதுதான்.
மில்லிமீற்றரில் எழுத வேண்டும்.
கையில் அள்ளினால் எனக்குத் தெரியும்.
கையைக் கட்டித் தாளோடு அனுப்ப முடியாதே.

எண்பத்தெட்டாம் பக்கம், தாங்கு சுவர்.
யார் மொழிபெயர்த்தார்களோ,
வடிதுளையை "அழுகைத் துளை" என்று அடித்திருந்தார்கள்.
புஷ்பகாந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"பாஸ், சுவருக்கு லேஞ்சி குடுக்கணுமோ?"

நான் சிரிக்கவில்லை.
கொட்டகலையில், ஒரு பார்மசிக்குப் பின்னால்
நாற்பது அடி நீளம், ஒன்பது அடி உயரம்,
மேலே தேயிலை.
"குழாய்க்கு பில் போடல, பூசி முடி"
என்றார் முதலாளி.
பூசினேன்.
நல்லாத்தான் பூசினேன், கண்ணாடி மாதிரி.

கேள்வி நாற்பத்தொன்று:
குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பின்
சுவர் வயிறு தள்ளினால் யார் பொறுப்பு?
நாலு விடை இருந்தது.
உரிமையாளர், ஒப்பந்தக்காரர், பொறியியலாளர்,
மேற்கூறிய எவருமில்லை.
பூசினவன் என்று ஐந்தாவது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரில் மெஷின் வாடகைக்கு எடுத்தேன்.
பார்மசி நஸ்ருதீன் கதவை முழுக்கத் திறக்கவில்லை.
"யார் அனுப்பினது?"
"யாரும் இல்ல."
"எவ்வளவு கேப்பீங்க?"
"கரண்ட் மட்டும்."
சந்தேகம் தீராமலே வயரை நீட்டினார்.

முதல் துளை காய்ந்து தூசாய் வந்தது.
வெட்கமாக இருந்தது, வீணாக வந்துவிட்டோமோ என்று.
இரண்டாவதில் சிவப்பு மண் பிசின்.
மூன்றாவதில் பிட்டை இழுக்கவும்
நெஞ்சில் அடித்தது தண்ணி,
எட்டு மழைக்காலத்துத் தண்ணி,
தேயிலை வேர் நாற்றத்தோடு.
நஸ்ருதீன் மருந்துப் பெட்டிகளை உள்ளே நகர்த்த ஓடினார்.

புஷ்பகாந்தி குடைக்குக் கீழே கத்தினாள்,
"முற்பணப் பிணை எப்ப விடுவிக்கணும்?"
"என்ன?"
"பிணை! பிணை!"
"மெஷின் ஓடுது புள்ள, சத்தமா கேளு!"

தாளெல்லாம் நனைந்து
எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும் ஒட்டிக்கொண்டன.
தேர்வுக்கு ஆறு நாள்.
சுவருக்கு இன்னும் ஒன்பது துளை.