கூட்டக் குறிப்பில் சேராதவை

ஓபர்ஷ்ரோஃபன் ஊராட்சி மன்றம். மார்ச் பதினான்கு, மாலை ஏழு.
வந்தவர் நாற்பத்தொன்று. நாற்காலி முப்பது.
பொருள் நான்கு: பனியாற்றின் மேல் கோடையில் போர்த்தும்
வெள்ளைத் துணியை
இன்னும் மூன்று ஹெக்டேருக்கு வாங்குவதா, வேண்டாமா.
எழுதுவது நான். பேசுவது என் வேலையில்லை.

ஸ்வேன்யா வந்திருந்தாள்.
ஆறு கோடையாகப் பனிக்குள் கம்பு நட்டு
செப்டம்பர்தோறும்
கம்பு எவ்வளவு வெளியே வந்திருக்கிறதென்று அளப்பவள்.
கம்பு வளராது.
அதை அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை.
"இருபதிலிருந்து முப்பத்தைந்து ஆண்டு
இந்த நாக்கு இருக்கும்," என்றாள்.
"ஒருவேளை இன்னும் கொஞ்சம்."

தாளில் எழுதினால் ஒருவேளை என்பது ஐந்தெழுத்து.
மன்றத்தில் அதற்குள் ஒரு பஸ்ஸே நுழைந்தது.
ஓட்டி வந்தவர் காஸியன்.
"இருபதா, முப்பத்தைந்தா? பதினைந்து ஆண்டு ஆட்டம்!
என் கம்பிவடத்தை நான் இப்படி அளந்தால்
நீங்கள் எல்லாரும் பள்ளத்தில் கிடப்பீர்கள்.
பனி வரும், போகும். என் அப்பா காலத்திலும் போனது.
தெரியாது என்றால் தெரியாதென்று சொல்லிவிட்டுப் போங்கள்."
சிரித்தார்கள்.
சிரிப்பு என்று எழுதி, அடித்துவிட்டேன்.

போன ஆகஸ்ட்டில்
துணிகளின் ஓரம் சேர்த்துத் தைக்க மேலே போனோம்.
காஸியன் முன்னால், அவர் கயிற்றில் நாங்கள் நால்வர்.
அடிக்கு அடி நின்று
நீளக் கோலால் பனியைக் குத்திப் பார்த்தார்.
"அடியில் வெடிப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன்.
"தெரியாது," என்றார்.
என் இடுப்பு முடிச்சை அவிழ்த்து
இன்னும் இறுக்கிப் போட்டார்.
அதே வாய், அதே சொல்.
இங்கே அதற்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சொல்ல மறந்தேன்:
துணி வேண்டும் என்று வந்தவர் காஸியன்.
ஒன்றும் ஆகவில்லை என்பவர்,
அதற்குப் போர்வையும் கேட்கிறார்.
வேண்டாம் என்றவள் ஸ்வேன்யா.
"துணியால் உங்கள் சறுக்குப் பாதைதான் பிழைக்கும்,
பனியாறு பிழைக்காது.
துணியின் நூல் ஓடைக்குள் போகிறது.
எவ்வளவு என்று..." கொஞ்சம் நிறுத்தினாள்,
"சரியாக இன்னும் தெரியவில்லை."
அந்த நிறுத்தத்திலேயே தோற்றாள்.
சோற்றுக்குள் முழு மலையை மறைக்கலாம் போல,
சோறு மட்டும் வெள்ளையாக இருந்தால் போதும்.
வேண்டும் இருபத்தெட்டு. வேண்டாம் பன்னிரண்டு.
எனக்கு வாக்கில்லை.
இருந்திருந்தால்? அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

பொருள் ஐந்து: புதிய இழுவை ரயிலுக்குக் கடன்.
வங்கியிலிருந்து ஹூம்மெல், ஈரக் கோட்டோடு.
காஸியன் இருபத்தைந்து ஆண்டுத் தவணை கேட்டார்.
ஹூம்மெல் கண்ணாடியைத் துடைத்தார்.
"பன்னிரண்டு."
முன்னே பின்னே எவ்வளவு என்று
யாரும் அவரைக் கேட்கவில்லை.
எந்தக் கம்பை எங்கே நட்டீர்கள் என்று கேட்கவில்லை.
காஸியன் பேனா கேட்டார்.
என் பேனாவைத்தான் கொடுத்தேன்.

ஒன்பதே கால். கூட்டம் முடிந்தது.
வாசலில் ஸ்வேன்யா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பி
பக்கத்தில் போய் நின்றார் காஸியன்.
"மூன்றாவது தூணுக்குக் கிட்ட
ஒரு கம்பு நட முடியுமா?"
"எதற்கு?"
"சும்மாதான்."
அவள் பையில் பென்சில் தேடினாள்.

விளக்கை அணைத்தேன். கதவைப் பூட்டினேன்.
ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில், மார்ச்சில்,
மழை பெய்துகொண்டிருந்தது.
பொருள் பட்டியலில் இல்லாததால்
அதையும் எழுதவில்லை.