இரட்டை முறுக்கு

இரவு பத்தரை. ஒட்டுசுட்டான் சந்திக்கு இந்தப் பக்கம்
என்னுடைய கராஜில்
வெட்டுமெஷின் வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கிறது.
முத்தையன்கட்டு இடதுகரையில்
பதினொரு ஏக்கர் சாய்ந்து கிடக்கிறது.
மழை வருமென்று ரேடியோ சொன்னபடியால்
இராசநாயகம் அண்ணை
ஸ்டூலை விட்டு எழும்புவதாயில்லை.

மூன்று தரம் இறுக்கியாயிற்று இந்தப் போல்ட்டை.
மூன்று தரமும் கழன்றது.
ஸ்பிரிங் வாசர் போட்டேன், இரட்டை நட்டுப் போட்டேன்,
பெயின்ற் கூடப் பூசிப் பார்த்தேன்.
மெஷினுக்குப் போல்ட்டில் கோபமொன்றுமில்லை;
அது நடுங்குகிறது, அவ்வளவுதான்.
நாள் முழுக்க நடுங்குகிற ஒன்றோடு
இறுகியபடி இருப்பது
லேசில்லை.

பழைய பாட்டுகளில் வளை கழலும்.
தோள் மெலிந்தது என்பார்கள், பிரிவு என்பார்கள்.
நாங்கள் அதிர்வு என்கிறோம்.

போல்ட்டின் தலையில் துளை போடத் தொடங்கினேன்.
முதல் அலகு முறிந்தது.
இரண்டாவதும்.
"தலையில ஓட்டை போடுறியே,
உனக்குத்தான் பிள்ளை நட்டுக் கழண்டிட்டுது."
மூன்றாவது அலகு, ஒரு சொட்டு எண்ணெய், மெல்ல, மெல்ல.
மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது,
ஊசிக்காதளவு.

வவுனியாவில் வாங்கிய சில்வர்க் கம்பி.
தலைக்குள்ளால் நுழைத்து
இரண்டு முனையையும் குறட்டால் பிடித்து
ஒன்றையொன்று சுற்ற முறுக்கினேன்.
கூட முறுக்கினால் அறும்.
குறைந்தால் அதுவும் சேர்ந்து ஆடும்.
பிறகு பக்கத்துப் போல்ட்டுக்கு.
எந்தப் பக்கத்தால் கொண்டுபோகிறேன் என்பதில்தான் எல்லாம்:
ஒன்று கழரத் திரும்பினால்
மற்றதை இறுக்கித்தான் திரும்பவேண்டும்.

மாறிக் கட்டினால் இரண்டும் சோடியாகக் கழரும்.
அப்படியும் ஒருக்கால் கட்டியிருக்கிறேன்,
மல்லாவியில், ஒரு லாண்ட்மாஸ்டருக்கு.
சில்லு தனியே வாய்க்காலுக்குப் போனது.

மிச்சத்தை வெட்டி, முனையை உள்ளுக்கு மடித்தேன்.
அடுத்துத் திறப்பவரின் விரல் கிழியக்கூடாது.
அது பெரும்பாலும் என் விரல்தான்.

"கம்பிக்கும் காசோ?"
"இல்லையண்ணை, முறுக்குக்கு."

சீசனுக்கு மெதிரிகிரியவிலிருந்து வந்த சமிந்த,
மெஷின் ஓட்டுகிறவன்,
டோர்ச்சைக் கிட்டப் பிடித்து
கம்பியை நகத்தால் சுண்டினான்.
டிங் என்றது.
"ஹரி" என்றான்.
எனக்குத் தெரிந்த அவன் மொழியும்
அவனுக்குத் தெரிந்த என் மொழியும் சேர்த்தாலும்
ஒரு சாமான் துண்டு எழுதக் காணாது.
டிங் விளங்கியது.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.
மெஷின் நிற்கிறதாம்.
போனேன். வெக்கை, வைக்கல் தூசு,
வெட்டின இடமெல்லாம் கொக்கு.
கத்திக்குக் கீழே குனிந்து பார்த்தால்
போல்ட் கழரவில்லை.
முறிந்திருந்தது, கழுத்தோடு.
தலை மட்டும்
கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது,
ஒற்றைத் தோடு மாதிரி.

"பார், உன்ர கம்பி தடுக்கேல்லையே."

இல்லை.
முறிவதை அது தடுக்காது.
தடுக்குமென்று நான் சொல்லவுமில்லை.
கம்பி இல்லையென்றால் அந்தத் தலை
கதிரோடு கதிராய் உள்ளே போய்
மெஷினின் குடலைக் கிழித்திருக்கும்.
அல்லது சேற்றில் விழுந்து
நாங்கள் நாலு பேரும்
பொழுதுபடும்வரை காலால் துழாவியிருப்போம்.
துழாவித் துழாவி ஒன்றும் தட்டுப்படாத கால்கள்
இந்தப் பக்கத்தில் எத்தனை.

இது இருந்தது. இருந்த இடத்திலேயே.

சமிந்த குறட்டை நீட்டினான்.
கம்பியை வெட்டித் தலையை உள்ளங்கையில் எடுத்தேன்.
சுட்டது.
பொக்கற்றில் போட்டுக்கொண்டு
இரவே துளைத்துவைத்த மற்றப் போல்ட்டைப் பூட்டினேன்,
புதுக் கம்பியை அளந்தேன், ஒரு சாண், இன்னும் கொஞ்சம்.
கிழக்கே கடற்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
அண்ணை வானத்தைப் பார்ப்பதை விட்டு
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் நாலு ஏக்கர்.