ஆம், இல்லை, வரவில்லை

பிஸ்மார்க் சட்டமன்றத்தில் மேசை எழுத்தராக
இருபத்தாறு ஆண்டு இருந்தேன்.
என் வேலை எண்ணுவது.
பலகையில் பச்சை எத்தனை, சிவப்பு எத்தனை,
விளக்கேறாத பெயர் எத்தனை.
ஆர்டிஸ் டோலஃப்சன் என்ற பெயர்
ஒருநாளும் விளக்கேறாமல் கிடந்ததில்லை.

முதல்முறை அவளை நிறுத்தியது
வேறு ஆள் அகப்படாததால்தான்.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
எல்லா வீட்டு வாசலும் தெரியும்,
எந்த வீட்டுப் பிள்ளை
பனியில் காலுறை இல்லாமல் ஏறுகிறது என்பதும்.
அது போதும் என்றார்கள்.
மூன்று தேர்தலுக்குப் போதுமாகத்தான் இருந்தது.

ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜனவரியில்
மிசௌரி ஆறு உறைந்து கிடக்க
நூற்றெண்பது மைல் ஓட்டி வருவாள்,
எண்பது நாள் கூட்டத்துக்கு.
பின்னிருக்கையில் மண்வெட்டி, கம்பளி, ஒரு மூட்டை மணல்.
"வழியில் வண்டி நின்றால் சாகாமலிருக்க"
என்பாள், விலைவாசி பேசுகிற குரலில்.
அந்த எண்பது நாளும் பேருந்தை
அவள் கணவன் லெய்ஃப் ஓட்டினான்.
பிள்ளைகளுக்கு அவனைப் பிடிக்காது,
பிரேக்கை உதைப்பான்.

அவளுக்கென்று ஒரே ஒரு மசோதா:
சரளைச் சாலைகள் தண்டவாளத்தைக் கடக்கிற இடங்களில்
ஒரு சிவப்பு விளக்கு.
ஐந்து கூட்டத்தொடர், ஐந்து முறை.
முதலாவது குழுவிலேயே செத்தது.
இரண்டாவதற்கு ரயில் கம்பெனி ஆள்
நல்ல கோட்டு போட்டு வந்து
செலவுக் கணக்கு வாசித்தான்.
மூன்றாவதில் நான்கு பச்சை குறைந்தது.
நான்காவது எனக்கு நினைவில்லை,
குறிப்பேட்டில் இருக்கும்.
ஐந்தாவதில் எழுந்து இவ்வளவுதான் சொன்னாள்:

"தண்டவாளத்துக்கு முன்னால் நிறுத்துவேன்.
கதவைத் திறப்பேன்.
எல்லாரும் வாயை மூடுங்கள் என்பேன்.
காது கொடுப்பேன்.
காற்று எதிர்த்திசையில் அடித்தால்
ரயில் கேட்காது."

உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பச்சை குறைந்தது.

ஆறாவது தொடரில் அவள் விளக்கைக் கொண்டுவரவில்லை.
அந்த ஆண்டு பள்ளி இணைப்பு மசோதா வந்தது.
மூன்று ஊர்ப் பள்ளி மூடி ஒரே பள்ளி.
மூன்றில் ஒன்று அவள் ஊர் ஹால்வர்:
முப்பத்தொரு பிள்ளைகள், கணக்குக்கு வாத்தியார் இல்லை.
கட்சித் தலைவன் நடைபாதையில் தோளைத் தட்டி,
"நீ சிவப்பு போட்டுக்கொள், ஆர்டிஸ்.
எங்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது.
ஊரில் முகம் காட்ட வேண்டாமா" என்றான்.
பெருந்தன்மைதான்.
அவள் பெயர் பச்சையில் எரிந்தது.
நான் இரண்டு முறை எண்ணினேன்,
எண்ணிக்கையில் சந்தேகம் இருந்து அல்ல.

உலைக்கு மூடி போடலாம்.
ஹால்வரிலும் ஊர்வாய்க்கு மூடி கிடைக்கவில்லை.
காப்பிக் கடையில் சொன்னார்களாம்:
தூரம் கூடினால் மைலுக்கு மைல்
யாருக்குக் கூலி கூடுகிறது, பாருங்கள்.
நாற்பத்துமூன்று வாக்கில் தோற்றாள்.

அவள் இருக்கைக்கு வந்தவன் கைல் வெட்ஸ்டீன்.
இளைஞன், நல்ல சிரிப்பு.
விளக்கு மசோதாவை அவன் கொண்டுவந்தான்,
அநேகமாக அதே வாசகம், ஒரு காற்புள்ளி மாறியிருந்தது.
பதினோரு நிமிடத்தில் நிறைவேறியது. சிவப்பு மூன்று.
எழுத்தர் அவையில் பேசக் கூடாது.
நான் பேசவில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒரு பிப்ரவரியில்
தங்கை வீட்டுக்குப் போகும் வழியில்
சரளைச் சாலையில் மஞ்சள் பேருந்து ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன்.
தண்டவாளம். புது விளக்கு.
எரியவில்லை.
ரயில் இல்லையென்று அர்த்தம்.
பேருந்து நின்றது.
கதவு திறந்தது, அந்தக் குளிரில்.
உள்ளே முப்பது தொப்பிகள் அசையாமல்.
நான் வானொலியை அணைத்தேன்.
எனக்குப் பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்,
மறுபடி அடித்தான்.
கதவு மூடவில்லை.