தண்ணிக் கழிவு

நாளைக்கு அஞ்சியோ என்றிருந்தது.
இரத்தம் வேறு சொன்னது:
கிரியாட்டினின் ஒன்று தசம் எட்டு.
டாக்டர் உடவத்த பேனையை மூடிச்
சிங்களத்தில் சொன்னதை
நான் தமிழாக்கினேன்:
நெஞ்சுக் குழாயைப் பார்க்க ஒரு சாயம் விடுவோம் அம்மா,
அது உங்கள் சிறுநீரகத்துக்கு ஆகாது,
ஒரு நாள் பொறுப்போம்.

பதினாலாம் கட்டில் பூங்காவனம் சிரித்தாள்.
"சாயமா மிஸ்ஸி?
சீனியில்லாச் சாயத்திலதானே
இந்த ஒடம்பே ஓடுது."

தண்ணி எவ்வளவு குடிப்பீர்கள்?
காலையில் ஒரு கோப்பை.
பிறகு மடுவத்தில் கொழுந்து நிறுத்த பின்னால்.
நடுவில்?
ஜன்னலைப் பார்த்தாள். ஹந்தானையை மேகம் மூடியிருந்தது.
"ஏழாம் நம்பர் மலையில எங்க போயி குந்துறது?
கீழ கங்காணி, மேல ரோட்டு.
தாகத்தப் பழக்கிட்டேன்.
படுன்னா படுத்துக்கும்."

தோள் உளைச்சலுக்கு டிஸ்பென்சரி தந்த
மஞ்சள் குளிசை நாளுக்கு ரெண்டு,
எத்தனை வருசமென்று அவளுக்கே தெரியாது.
அதை நிறுத்தினோம்.
சீனி வியாதிக் குளிசையையும்.

தராசில் ஏற்றினேன். நாற்பத்தொரு கிலோ.
"கழிவு போட்டா, போடாமலா?"
மழை நாளில், இலையில் தண்ணி என்று
ரெண்டு கிலோ வெட்டுவார்களாம்.
இங்கே வெட்டுவதில்லை அம்மா,
கிலோவுக்கு இவ்வளவென்று தண்ணி ஏற்றுவோம்.
ஆனால் உங்கள் நெஞ்சுக்குப் பலம் போதாது,
கூடினால் மூச்சை முட்டும்,
அதனால் பாதிதான்.
"அப்ப இங்கயும் அரைப் பேரு."

இரவு முழுக்கச் சேலைன்,
கோடையில் பீலி சொட்டுவது போல.
மணிக்கொரு தரம் குனிந்து
கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன்,
மூச்சை எண்ணினேன்.
இரண்டு மணிக்கு எழுந்தாள்.
அளவு ஜாடியைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.
கதவு சாத்தும் சத்தம்.
கொண்டி விழும் சத்தம்.
பிறகு நெடுநேரம்
அவசரமே இல்லாத ஒரு சத்தம்.
முந்நூற்று இருபது. எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஈய அங்கிக்குள் டாக்டர்
சாயத்தைக் கஞ்சனாகச் செலவழித்தார்.
பையன் மில்லிலீற்றரை உரக்கச் சொல்லச் சொல்ல
முப்பத்தாறில் கையெடுத்தார்.
ஒரு குழாயில் அடைப்பு.
அதை இன்னொரு நாள் திறக்கலாம்,
இன்றைக்கு இவ்வளவு சாயம் போதும்.

மூன்றாம் காலை, ஒன்று தசம் ஏழு.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
ஆறாம் கட்டிலுக்கு எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

துண்டில் டாக்டர் எழுதியிருந்தார்:
நாளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்.
வாசித்துக் காட்டினேன்.
மடித்துச் சட்டைக்குள் செருகினாள்.
புசல்லாவை பஸ்ஸுக்கு நேரமிருந்தது,
இன்னொரு தரம் அந்தக் கதவுக்குள் போய்
மெதுவாக வந்தாள்.

"குடிக்கலாம் மிஸ்ஸி.
கதவையும் சேத்து
எழுதித் தரச் சொல்லுங்க."